அண்டாத் தண்ணீரும் ஐநூறு மணி நேரமும்

எங்கள் துறையின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். வீட்டுக்கே வந்து, காபி குடித்து, "புயல் சமயத்துல நீங்க எக்ஸ்பெரிமென்ட்டைக் காப்பாத்துனீங்களே சார், அதை எழுதிக் குடுங்க" என்றார்கள். தலைப்பைக்கூட அவர்களே யோசித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் 'நாயகன்' என்று ஒரு சொல் இருந்தது. அடுப்படியில் இருந்த என் மனைவி லூர்து மேரி அதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், காலி டம்ளர்களை எடுக்க வந்தபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன்.

போன மாதம் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் புதிதாக ஒரு எந்திரம் வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று நிற்கிறது. உள்ளே போகும் தண்ணீர் கொஞ்சம் சரியில்லை என்றாலும் தானே நின்றுகொண்டு, எங்கே தப்பு என்று திரையில் சிவப்பு எழுத்தில் சொல்லிவிடுகிறது. என் காலத்தில் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். எங்கே தப்பு என்று சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

நான் பாக்கியநாதன், தஞ்சாவூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்ததும் தவிட்டு எண்ணெயைக் கெட்டியாக்கி சோப்புக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. தண்ணீருக்குள் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்சிஜனும் குமிழ்குமிழாக வரும். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. கலந்து, ஒரு பொறி பட்டால் கூரை போய்விடும். அதனால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அந்தக் காலத்தில் அது கல்நார்த் துணி, சுற்றிலும் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சொட்டுப்பட்ட இடமெல்லாம் சட்டையில் பொத்தல் விழும். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டார் சட்டையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பீடி குடிப்பார் போலிருக்கிறது என்று ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்தார்கள்.

தொழிற்சாலையை மூடியதும், திருவையாற்றுச் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் வசந்தா மேடத்திடம் மாட்டினேன்.

மேடம் எங்கள் துறைப் பேராசிரியர். ஆள் சிறியவர், குரல் அதைவிடச் சிறியது. யாரையும் திட்டியதில்லை. திட்ட வேண்டிய இடத்தில் "அப்படியா" என்பார். அந்த 'அப்படியா'வைப் பிரித்தறிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னால் நிஜமாகவே கேட்டுக்கொள்கிறார். கழற்றிச் சொன்னால் நீங்கள் சொல்வதை அவர் நம்பவில்லை. கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் மறுநாள் காலையில் அந்த வேலையை முதலிலிருந்து செய்யப் போகிறீர்கள். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் மேசையில் வைத்து 'அப்படியா' சொன்னதை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன். அந்த ஆராய்ச்சி மாணவர் பிறகு வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டார்.

முதல் நாள் என்னிடம் தண்ணீரைப் பிரிக்கும் செல் ஒன்றைக் கொடுத்து மூடச் சொன்னார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு உலோகத் தட்டு, நடுவே மெம்பிரேன் என்கிற சவ்வு, சுற்றி எட்டு போல்ட். தொழிற்சாலையில் ஆளுயரத் தொட்டிகளை மூடியவனுக்கு இது விளையாட்டுச் சாமான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வட்டமாக முறுக்கிக் கொடுத்தேன்.

"இறுக்கிட்டேன் மேடம்."

"அப்படியா" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் காலையில் அவரே திறந்து காட்டினார். நான் இறுக்க ஆரம்பித்த பக்கத்தில் சவ்வு நசுங்கி, மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. வட்டமாகப் போகக்கூடாதாம். ஒரு போல்ட், அடுத்து அதற்கு நேர் எதிர் போல்ட், அப்புறம் குறுக்கே ஒன்று, அதற்கு எதிரே ஒன்று. முதல் சுற்றில் விரலால் மட்டும். இரண்டாம் சுற்றில் பாதி அளவுக்கு. மூன்றாம் சுற்றில்தான் அளவு காட்டும் ஸ்பேனர் 'டிக்' என்று சொல்லும்வரை. பத்து நிமிஷம் ஆறவிட்டு நாலாவது சுற்று. முப்பது வருஷத்தில் நான் மூடிய செல்களுக்குக் கணக்கில்லை. இன்றைக்கும் வீட்டில் குக்கர் கைப்பிடி ஸ்குரூவைக்கூட ஒரே மூச்சில் இறுக்க எனக்கு வராது. லூர்து மேரி பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவாள்.

கல்நார்த் துணி பார்த்தவனுக்கு இந்தச் சவ்வு பெரிய அதிசயமாக இருந்தது. பாலித்தீன் தாள் மாதிரி மெல்லிசு. ஆனால் வாயு எதையும் மறுபக்கம் விடாது. ஹைட்ரஜனின் புரோட்டானை மட்டும், அதற்கென்று உள்ளே இருக்கும் இடங்களில் உட்கார வைத்து உட்கார வைத்துக் கடத்திவிடும். அதனால் காரத் தண்ணீரே தேவையில்லை, சுத்தமான தண்ணீர் போதும். ஆனால் சுத்தம் என்றால் நம் வீட்டுச் சுத்தம் இல்லை. கொள்ளிடத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டினாலும் செல்லாது. உப்பு, சுண்ணாம்பு, இரும்பு எதுவாக இருந்தாலும் புரோட்டானின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. அதனால் ரெசின் உருளை வழியாக அனுப்பி எல்லாவற்றையும் உருவியெடுத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்முன், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் ஒன்றுக்குக் கீழே காட்டினால் நல்ல தண்ணீர். பார்த்ததை அந்த நிமிஷமே பதிவேட்டில் எழுத வேண்டும். "பாத்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க" என்பது மேடம் வைத்த சட்டம்.

புதுச் சவ்வைச் செல்லில் வைப்பதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரு மணி நேரம் பெராக்சைடில் வேகவைத்து, சுத்தமான வெந்நீரில் அலசி, ஒரு மணி நேரம் நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைத்து, திரும்பவும் வெந்நீரில் அலசி, கடைசிவரை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு தரம் செல் ஓட ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் நிற்கவே கூடாது. காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் கிழியும்.

இனி கயல்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. மேடத்திடம் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் சவ்வு ஆனை விலை, நாமே செய்யலாம் என்பது அவள் எண்ணம். அரிசி ஆலையில் எரித்துக் கொட்டும் உமிச் சாம்பலிலிருந்து சிலிக்காவைப் பிரித்து, அதை ஒரு பாலிமர் கரைசலில் கலந்து, கண்ணாடிப் பலகையில் ஊற்றி, கத்தி மாதிரி ஒரு பட்டையால் ஒரே இழுப்பில் பரப்பிக் காயவைப்பாள். கூழ் வற்றல் ஊற்றுவது போலத்தான், ஆனால் காற்று அடித்தாலும் கெட்டது, அடிக்காவிட்டாலும் கெட்டது. முதல் வருஷம் ஊற்றியதெல்லாம் விரிசல் விட்டது. இரண்டாம் வருஷம் ஊற்றியது வாயுவை விட்டது. "உமியை நெல்லுல இருந்து எடுக்கறதுக்கு ஒரு மிஷின் இருக்கு, நீ அதைத் திரும்ப உள்ள வைக்கப் பாக்குறியேம்மா" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "சிரிங்க அங்கிள், ஒரு நாள் போல்ட் இறுக்க நீங்கதான் வரணும்" என்பாள். மூன்றாம் வருஷம் ஒன்று சரியாக வந்தது. நான்தான் இறுக்கினேன்.

அந்தச் சவ்வு ஐநூறு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். ஓடினால் அவளுடைய ஆராய்ச்சி தேறியது. ஓடாவிட்டால் அதைக் கைவிட்டு, விலைக்கு வாங்கும் சவ்வில் வேறொரு தலைப்பை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இடையில் செல்லைத் திறந்து பார்க்கவும் கூடாது. திறந்தால் சோதனை அத்தோடு முடிந்தது.

நூறு மணி தாண்டியபோது இரண்டு நாள் ஊருக்குப் போய் வருகிறேன் என்று போனாள். கார்த்திகை மாசம். அவள் போன மறுநாள் புயல் அடித்தது.

டெல்டாவில் இருந்தவர்களுக்கு அந்தப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கல்லூரிக்குப் போனால் வாசல் வேப்பமரம் சைக்கிள் ஸ்டாண்டின் மேல் படுத்திருக்கிறது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் செல் மட்டும் கூரைமேல் இருந்த சூரியத் தகடு, பேட்டரி புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிக்குக் கரண்ட் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் செல்லின் தொட்டியில் இரண்டு லிட்டர் பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். கையிருப்பு ஒரு நாளைக்குக்கூடக் காணாது. மேடம் ஒரு கருத்தரங்குக்கு வெளியூர் போனவர், ரயில் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். கேட்க ஆள் இல்லை.

எனக்கு அப்போது மூளை வேலை செய்ததை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் சுத்தமான பிளாஸ்டிக் தாளைக் கட்டி மழைத் தண்ணீர் பிடித்தேன். ரெசின் உருளையைக் கருவியிலிருந்து கழற்றி, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் பாட்டில் தொங்கவிடுவது போல உயரத்தில் தொங்கவிட்டு, மழைத் தண்ணீரை மேலே ஊற்றினேன். அது தன்பாட்டுக்கு இறங்கி, சொட்டுச் சொட்டாகக் கீழே வந்தது. பேட்டரியில் ஓடும் மீட்டரை உருளையின் வாயில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுக்குக் கீழே! தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டுமே. ஆய்வகத்தின் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களையும் அன்று காலையில்தான் விடுதிப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் வைக்க நானே தூக்கிக் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்க மனசு வரவில்லை. விடுதிச் சமையல் கூடத்தில் ஒரு செப்பு அண்டா இருந்தது. விசேஷ நாட்களில் சமைக்க வரும் தட்சிணாமூர்த்தி மாஸ்டர் விட்டுப் போனது. உள்ளே ஈயம் பூசிய அண்டா, பெரிசு, சுத்தமாகத் துலக்கினால் கோயில் பாத்திரம் மாதிரி மின்னும். நான் அரை மனசாக எதையும் செய்கிற ஆள் இல்லை. புளி போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்து, மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியால் மூடி வைத்தேன். அந்த அண்டாத் தண்ணீரைத்தான் நாலு நாள், ஆறு மணிக்கொரு தரம், பக்தியோடு மொண்டு மொண்டு ஊற்றினேன். பதிவேட்டில் ஒவ்வொரு தரமும் மீட்டர் அளவை எழுதினேன். எழுதிய அளவு உருளை வாயில் பார்த்தது. அண்டாவுக்குள் மீட்டரை விட எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போனது நல்ல தண்ணீர், வெளியே வருவது மட்டும் எப்படிக் கெட்டதாக இருக்கும்?

ஆறாம் நாள் கயல்விழி வந்தாள். பாதித் தூரம் பஸ், பாதித் தூரம் நடை. செருப்பெல்லாம் சேறு. உள்ளே வந்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகச் செல்லிடம் போனாள். குமிழ் வந்துகொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டுதான் இருக்கா அங்கிள்?"

"ஒரு நிமிஷம்கூட நிக்கல."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள். "தோப்பு மொத்தமும் படுத்துடுச்சு. நின்ன மரத்தை எண்ணினா பதினொண்ணு இருக்கு. அப்பா பேசவே மாட்டேங்கிறாங்க. ஊருக்கே வந்துடு, ஒரு வேலையப் பாருன்னு அம்மா சொல்றாங்க. இது மட்டும் ஓடி முடிச்சுட்டா நான் அவங்ககிட்ட பேசிக்குவேன் அங்கிள்."

நான் என் மழைத்தண்ணீர்க் கதையைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். ஊர் திரும்பிய மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே 'அப்படியா' சொன்னார். கல்லூரி முழுக்கச் செய்தி பரவியது. முதல்வர் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து லூர்து மேரியிடம் நடந்ததைச் சொன்ன நடையே வேறு.

அடுத்த வாரம் செல்லின் வோல்ட் ஏறத் தொடங்கியது. ஒன்று புள்ளி எட்டில் நின்றது ஒன்று புள்ளி ஒன்பதுக்குப் போய், இரண்டையும் தாண்டியது. அதே அளவு ஹைட்ரஜனுக்கு அதிக மின்சாரம் தின்கிறது என்று அர்த்தம், சவ்வு களைத்துவிட்டது என்றும் அர்த்தம். கயல்விழி வெப்பத்தைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், ஒயரை மாற்றிப் பார்த்தாள். தண்ணீர்க் கருவி அதற்குள் கரண்ட் வந்து ஓட ஆரம்பித்திருந்தது, தண்ணீரில் குறை இல்லை. பதிவேட்டில் என் கையெழுத்தில் வரிசையாக நல்ல அளவுகள். ஆகவே குறை சவ்வில்தான் என்று அவளே முடிவுக்கு வந்தாள். "உமிச் சாம்பல் ஒத்துக்கல அங்கிள். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தியும் என்னோடது தாங்கல" என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து அவள் வேலையை மதிப்பிடும் கூட்டம் வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். என் பொன்னாடையும் அதே கூட்டத்தில்தான்.

புதன்கிழமை காலை தட்சிணாமூர்த்தி மாஸ்டர் அண்டாவை எடுத்துப் போக வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "யாருங்க இப்படிப் பளபளன்னு தேச்சு வெச்சது?" என்றார்.

"நான்தான் மாஸ்டர்."

"போங்க சார். இருந்த கொஞ்ச நஞ்ச ஈயத்தையும் வழிச்சு எடுத்துட்டீங்களே. பாருங்க, அடியெல்லாம் செம்பு பல்லை இளிக்குது. இதுல ரசம் வெச்சா களிம்பு ஏறி எல்லாருக்கும் வாந்தி வரும். கும்மோணத்துக்கு எடுத்துட்டுப் போயித் திரும்ப ஈயம் பூசிட்டுதான் அடுப்புல ஏத்தணும்."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். ஓடிப்போய் ஒரு பக்கெட் சுத்தத் தண்ணீரைக் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினேன். ஊற்றும்போது மீட்டர் ஒன்றுக்குக் கீழே. அவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, யாரோடோ பேசிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆனது. அண்டாவுக்குள் மீட்டரை விட்டேன். ஒன்பது. எல்லாவற்றையும் உருவியெடுத்த தண்ணீருக்குப் பசி அதிகம். தொட்ட உலோகத்தைத் தின்னும். இதை நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாலு நாளும் நான் அந்தப் பெண்ணின் சவ்வுக்குச் செம்பைக் கரைத்து ஊட்டியிருக்கிறேன்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, வியாழக்கிழமையும் சொல்லவில்லை. ஓய்வு பெற ஏழு மாசம் இருந்தது. முப்பது வருஷமாகக் 'கையில் தப்பே வராது' என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு இனித்தது. சவ்வே சரியில்லாமலும் இருக்கலாம், யார் கண்டது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. லூர்து மேரி விடவில்லை, கேட்டுக் கேட்டுக் கறந்துவிட்டாள். கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போயி, செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்கள்ல? சாமியார் என்னங்க பண்ணுவாரு, மெம்பிரேன் மாத்திக் குடுப்பாரா? அந்தப் பொண்ணுகிட்ட போயிச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை கூட்டம். காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். நான் போவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் பொன்னாடை. முதல்வர் போர்த்தினார், புகைப்படம் எடுத்தார்கள், வந்த பேராசிரியர்கள் கைகொடுத்தார்கள். பிறகு கயல்விழி எழுந்து திரையில் வரைபடத்தைக் காட்டினாள். வோல்ட் ஏறும் கோடு. "இந்த மெம்பிரேன் நீண்ட நேரம் தாங்கலை சார். இதோட இதை நிறுத்திக்கலாம்னு நினைக்கிறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் தலையாட்டிப் பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்தேன். ஜரிகைப் பொன்னாடை தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அது மெம்பிரேன் தப்பு இல்லைங்க. என் தப்பு" என்றேன். அண்டா, புளி, தேங்காய் நார், எங்கே மீட்டர் பிடித்தேன், எங்கே பிடிக்கவில்லை, புதன்கிழமை என்ன பார்த்தேன், பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். புளி என்றபோது ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மேடம் 'அப்படியா' சொல்லவில்லை. கண்ணாடியையும் தொடவில்லை. "தண்ணி அண்டாவுல அதிகபட்சம் எத்தனை மணி நேரம் நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "மொத்தம் எத்தனை லிட்டர்?" சொன்னேன். பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க பாக்கியநாதன்" என்றார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுதினேன்.

மத்தியானம் செல்லைத் திறந்தோம். நான் போட்ட எட்டு போல்ட்டையும் நானே கழற்றினேன். ஹைட்ரஜன் பக்கத்துத் தட்டில் செம்மையாக ஒரு படலம், குங்குமக் கறை மாதிரி. மேடம் சவ்வை எடுத்து நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நானும் கயல்விழியும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். வெந்த அமிலத்தில் கொஞ்சம் குழாயில் எடுத்து, மேடம் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் நீலமானது. செம்பு இருந்தால்தான் அந்த நீலம் வரும்.

"மெம்பிரேன்ல பொத்தல் இல்ல, சுருக்கம் இல்ல. உட்கார்ந்திருந்த செம்பு எழுந்து போயிடுச்சு" என்றார் மேடம். "உன் உமி தாங்கியிருக்கு கயல். முதல் மணியில இருந்து திரும்ப ஓட்டு."

தட்டைக் கழுவி, சவ்வைத் திரும்பச் செல்லில் வைத்து ஓட்டியதும் வோல்ட் பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. ஒரு துளி மிச்சம் இருந்தது, அது கடைசிவரை போகவில்லை. அவளுக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல் வீணானது என் கணக்கில்தான். வீட்டாரோடு போனில் பேசி இன்னும் ஒரு மாதம் அவகாசம் வாங்கினாள். அவள் கெஞ்சியது வராந்தாவில் எனக்குக் கேட்டது.

மறுநாள் அவள் கடைவீதியிலிருந்து ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்து, செல்லின் தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் போட்டாள். சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கொரு தரம் அவளே திறந்து, மீட்டரைத் தொட்டிக்குள்ளேயே விட்டுப் பார்த்து, அவளே எழுதினாள். ஆய்வகத்தில் எல்லாரும் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "காலை வணக்கம் அங்கிள்", "ஸ்பேனர் எடுங்க அங்கிள்" என்பதைத் தாண்டி அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு நெஞ்சை அறுத்தது. கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு நியாயமும் இல்லாததால் இன்னும் அறுத்தது.

இருநூற்றுப் பத்தாவது மணி. ஒரு காலைப்பொழுது. அவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. தோப்பில் விழுந்த மரங்களையெல்லாம் அறுத்து அப்புறப்படுத்தியாகிவிட்டது, தென்னங்கன்று வந்து இறங்கியிருக்கிறது, அப்பா இத்தனை நாள் கழித்து எழுந்து குழி வெட்ட ஆரம்பித்திருக்கிறார், நீயும் வந்து ஒரு கன்று வை என்கிறார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் அறையில் இருந்தார், வேறு இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"நாளன்னிக்கு சாயங்காலம் வந்துருவேன் அங்கிள்" என்றாள். சாவியை என் முன்னால் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.